கருப்பை ஹார்மோன் சாதனமும் மாதவிலக்கு மாற்றமும்

கருத்தடையின் பொருட்டுக் கருப்பையினுள் பொருத்தப்படும் ஹார்மோன் சாதனம், பெண்ணின் மாதவிலக்கை முதற்சில மாதங்கள் ஒழுங்கு குலைத்து, பின்னர்ப் படிப்படியாகக் குறைத்து, சிலரிடத்து முற்றிலும் நிறுத்தியும் விடுவது. கருப்பையினுள் பொருத்தும் சாதனங்கள் நிலைத்ததும் வீழ்ந்ததும் பெரும்பாலும் உதிரப்போக்கினாலேயே என்பதை அவற்றின் சரித்திரம் காட்டுகிறது.

1929இல் ஜெர்மானிய மருத்துவர் எர்ன்ஸ்ட் கிராஃபன்பெர்க் கருப்பையினுள் வைக்கும் தம் வளையத்தைப் பற்றி அறிவித்தார். அமெரிக்கர் ஜாக் லிப்பஸ் அமைத்த பிளாஸ்டிக் 'லூப்'பை 1965இல் இந்திய அரசு குடும்பக் கட்டுப்பாட்டுத் திட்டத்தில் சேர்த்துப் பெருமுயற்சியுடன் பரப்பியபோது, அதனை ஏற்ற பெண்களிற் பலர் மிகுந்த உதிரப்போக்காலும் இடுப்புவலியாலும் வருந்தினர். இவ்வாறு நேரக்கூடுமென முன்னரே எடுத்துரைப்பார் இல்லாமையால் அச்சமும் வதந்தியும் ஊரூராகப் பரவ, சில ஆண்டுகளுக்குள் லூப் தன் செல்வாக்கை இழந்தது. பின்வந்த காப்பர்-டியும் போக்கை ஓரளவு மிகுவிப்பதே. 2019-21 தேசியக் குடும்பநல ஆய்வின்படி நம் நாட்டில் 15 முதல் 49 வயது வரையுள்ள பெண்களில் 57 விழுக்காட்டினர் இரத்தசோகையுடையவர் என்பதை எண்ணினால், இது சிறு தொல்லையன்று என்பது விளங்கும்.

1970இல் சிகாகோவில் அந்தோனியோ ஸ்கொமேனா புரோஜெஸ்டிரோன் ஹார்மோனைக் கருப்பையினுள்ளேயே கசியவிடும் வழியை ஆராய்ந்தார். ஃபின்லாந்தின் தபானி லூக்கைனென் அதனையொத்த செயற்கை ஹார்மோனான லெவோநார்ஜெஸ்ட்ரெலைக் கொண்டு பல ஆண்டுகள் உழைத்ததன் பயனாக, 52 மில்லிகிராம் மருந்தைத் தாங்கி நாளொன்றுக்கு ஏறத்தாழ 20 மைக்ரோகிராம் விடுவிக்கும் 'டி' வடிவச் சாதனம் 1990இல் அந்நாட்டில் விற்பனைக்கு வந்தது.

அம்மருந்து கருப்பையின் உட்சவ்வை மெலியச் செய்கிறது. சவ்வு மெலியும் காலத்தில் அதன் நுண்ணிய இரத்தக்குழாய்கள் எளிதிற் கசிவதால், முதல் மூன்று முதல் ஆறு மாதங்கள் வரை துணியிற் பழுப்பான பொட்டுகளாக, தேதி தப்பிய தீட்டாகப் போக்குக் காணும். பிறகு உதிர்வதற்குரிய சவ்வே சிறுத்துவிடுகின்றமையால் போக்கும் சிறுக்கிறது. ஓராண்டு நிறைவில் ஏறத்தாழ ஐவரில் ஒருவருக்கு மாதவிலக்கு நின்றுவிடுகிறது. பெரும்பாலோர்க்குச் சினைப்பையின் இயக்கம் தொடர்கின்றமையின் இதனை மூப்பினால் தீட்டு நிற்பதோடு ஒப்பிடலாகாது. 'கெட்ட இரத்தம் உள்ளே தங்கிவிடும்' என்று தாய்மார் கொள்ளும் கவலைக்கும் இடமில்லை. தங்குவதற்கு அங்கே இரத்தம் சேர்வதேயில்லை.

இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் இச்சாதனத்தைக் காப்பர் வகைகளோடு ஒப்பிட்டு மூன்றாண்டு நடத்திய ஆய்வு 1989இல் வெளியாயிற்று. கருத்தரிப்பைத் தடுப்பதில் இது சிறந்து விளங்கியபோதிலும், மாதவிலக்கு மாற்றங்களின் காரணமாக இதனை எடுத்துவிட்டோர் மிகுதி. லூப் காலத்துப் பாடத்தை இது மீண்டும் உணர்த்துகிறது: பொருத்துமுன் கால்மணி நேரம் அமர்ந்து விளக்காத மருத்துவர், பின்னர் அதனை எடுப்பதற்கே அழைக்கப்படுவார்.

போக்குக் குறையும் இம்மாற்றமே, மிகுந்த உதிரப்போக்காகிய பெரும்பாட்டால் நலிவோர்க்கு மருந்தாயிற்று. பெரும்பாடுடைய பெண்களிடம் ஸ்வீடனில் ஆண்டர்சனும் ரைபோவும் நடத்தி 1990இல் வெளியிட்ட ஆய்வில் ஓராண்டிற்குள் போக்கு 97 விழுக்காடு குறைந்தது. கருப்பையையே அகற்றும் அறுவையை இதனாற் பலர் தவிர்க்கலாயினர். உலக சுகாதார நிறுவனம் 2015இல் இச்சாதனத்தை இன்றியமையா மருந்துப் பட்டியலிற் சேர்த்தது. திருவனந்தபுரத்தில் 1966இல் தோன்றிய இந்துஸ்தான் லேடெக்ஸ், இன்றைய எச்.எல்.எல். லைஃப்கேர், 'எமிலி' என்னும் பெயரில் இத்தகைய சாதனத்தை வழங்குகிறது.

போக்கு நின்றபின் திடீரென மிகுதியாகக் காணினும், காய்ச்சலோ அடிவயிற்று வலியோ தோன்றினும், கருவுற்ற குறிகள் தென்படினும், சாதனத்தின் அடியில் தொங்கும் நூலிழை கைக்குத் தட்டுப்படாவிடினும் தாமதியாது மருத்துவரிடம் காட்டவேண்டும்.