இரண்டு மாதச் சோதனை

பிரெஞ்சில் படித்தவன் என்பதால் அந்நாட்டுப் பழைய சட்டங்களைப் புரட்டுவது எனக்கொரு பொழுதுபோக்கு. 1851 பிப்ரவரி 22-ஆம் தேதிச் சட்டம் தொழில் பழக வரும் பிள்ளைகளைப் பற்றியது. முதலாளி தொழிலைப் படிப்படியாக, முழுமையாகக் கற்றுத்தர வேண்டும். முடிவில் சான்றிதழ் தர வேண்டும். முதல் 2 மாதம் சோதனைக் காலம். இரு தரப்பும் விலகிக்கொள்ளலாம். தொழிலுக்குச் சம்பந்தமில்லாத வேலை வாங்கக் கூடாது, ‘வேறு உடன்பாடு இருந்தாலொழிய’. குமாஸ்தாவாக இருந்தவன் கண்ணில் இந்த ஓட்டைதான் முதலில் படும்.

சம்பளமில்லாத இன்டர்ன்ஷிப்பில் சேரலாமா என்று என் பேத்தி கேட்கிறாள். யார் சொல்லித்தருவார், எதை, எந்த வரிசையில், பிடிக்காவிட்டால் எப்போது விலகலாம் என்று எழுத்தில் கேட்டு வாங்கச் சொல்லியிருக்கிறேன். எழுதித்தரத் தயங்கினால் அது பயிற்சி அல்ல, எடுபிடி வேலைதான்.