தூண்கள் பெயர்ந்த வழி
செட்டிநாட்டு மனைகளும் பொருள்களின் மறுவாழ்வும்

பழம்பொருளைப் புதுப்பயனுக்கு ஆக்குதல் தமிழர்க்குப் புதிதன்று. நெடுநல்வாடை காட்டும் அரசியின் கட்டில், நாற்பது ஆண்டு நிரம்பிப் போரில் வீழ்ந்த யானையின் தந்தங்களைக் கொண்டு தச்சன் செய்ததாகும். இன்று உள்ளக வடிவமைப்பாளர் 'மறுபயன்பாடு' எனப் போற்றும் கருத்தின் வித்தினை அங்கே காணலாம். எனினும் அச்சொல்லுக்குள் இருவேறு செயல்கள் அடங்கியுள்ளன. ஒன்று, இருந்த இடத்திலேயே ஒரு பொருளைப் பேணிப் பயன்கொள்ளுதல். மற்றொன்று, சிதைந்த ஒன்றின் உறுப்பை எடுத்துப் பிறிதோரிடத்தில் பொருத்துதல். இவ்விரண்டின் வேற்றுமையைச் செட்டிநாட்டு மனைகளின் வரலாறு நன்கு விளக்கும்.

மனைகள் எழுந்த காலம்

1852-இல் கீழ்ப் பர்மா ஆங்கிலேயர் வசமானபின், நகரத்தாரின் வட்டித் தொழில் அங்கே தழைத்தது. பர்மாத் தேக்கும் இத்தாலியப் பளிங்கும் கப்பலேறி வந்தன. காரைக்குடி, கானாடுகாத்தான், தேவகோட்டை முதலிய ஊர்களில் பெருமனைகள் எழுந்தன. திண்ணை, முகப்பு, வளவு, இரண்டாங்கட்டு, அடுக்களை என ஒன்றன்பின் ஒன்றாக நீண்டு, ஒரு தெருவில் தலைவாயிலும் மறுதெருவில் பின்வாயிலும் அமைந்த வீடுகள் இவை.

தூண்கள் சூழ்ந்த முற்றமே வளவு. அதனைச் சுற்றிய அறைகள் மணமான மக்கள் ஒவ்வொருவர்க்கும் உரியனவாயின. ஓட்டுக்கூரையில் விழுந்த மழைநீர் வளவில் இறங்கியது. வெயிலும் காற்றும் அதன் வழியே வீட்டிற்குள் வந்தன. பிற்காலத்தார் மின்விசையால் பெற முயலும் குளிர்ச்சியை அம்மனைகள் அமைப்பினாலேயே பெற்றிருந்தன.

மனைகள் கலைந்த காலம்

1942-இல் சப்பானியர் படையெடுப்பால் பர்மாவிலிருந்து பலர் கால்நடையாகவே திரும்பினர். 1948-இல் இயற்றப்பட்ட நில நாட்டுடைமைச் சட்டமும், 1962-இல் அமைந்த இராணுவ ஆட்சியும் எஞ்சிய நம்பிக்கையையும் போக்கின. வருவாய் நின்றது, வீடு நின்றுகொண்டிருந்தது. தலைமுறைதோறும் பங்காளிகள் பெருகினர். ஓடு மாற்றுவதற்கும் ஒருமித்த இசைவு வேண்டியிருந்தது. வீட்டைப் பங்கிட இயலாது. மரத்தை விற்றுப் பணத்தைப் பங்கிட இயலும். இவ்வாறுதான் பல மனைகள் பிரிக்கப்பட்டன. காரைக்குடி முனீசுவரன் கோயில் தெருவின் பழம்பொருட் கடைகள் இவ்வரலாற்றின் விளைவே.

பெயர்வனவும் பெயராதனவும்

பழைய தச்சர் மரத்தைப் பொளித்துக் கழுந்து பொருத்தினர். ஆதலின் தூணும் நிலையும் கதவும் பழுதின்றிக் கழன்று வரும். சுண்ணாம்புச் சாந்து சிமெண்டைப் போலச் செங்கல்லை இறுகப் பற்றாது. செங்கல்லும் பெரும்பாலும் முழுமையாகவே மீளும். பிரித்தெடுக்கத்தக்கதாகக் கட்டுதல் என்று இன்று வகுத்துரைக்கும் நெறி அக்கைவினையிலேயே அமைந்திருந்தது.

ஆனால், சுண்ணாம்பை அரைத்து, முட்டை வெண்கருவும் கடுக்காய் நீரும் சேர்த்து, கையால் தேய்த்துத் தேய்த்துக் கண்ணாடிபோல் மெருகேற்றிய சுவர்ப்பூச்சு பெயராது. சுவர் இடிந்தால் அதுவும் துகளாகும். ஆத்தங்குடிக் கற்களின் நிலை வேறு. தரையில் பதித்தவற்றைப் பெயர்த்தால் பல உடையும். ஆயினும் அவற்றை வார்க்கும் தொழில் இன்றும் நடைபெறுகிறது. கண்ணாடித் தட்டின்மேல் அச்சு வைத்து வண்ணச் சாந்தை ஊற்றி, மணலும் சிமெண்டும் இட்டு அமுக்கி, நீரில் ஊறவைத்து எடுக்கின்றனர். சூளைத் தீ இதற்கு வேண்டுவதில்லை. கால்பட்டுப் பழகப் பழக மெருகு கூடும்.

மூன்று வழிகள்

பெயர்ந்த தூண்கள் தொலைவு சென்றன. கட்டடக் கலைஞர் ஜெஃப்ரி பாவா கொழும்பில் தம் இல்லத்துள் செட்டிநாட்டுத் தூண்களை நிறுவினார். விற்காதிருந்திருப்பின் அவை விறகாயினும் ஆகியிருக்கலாம். அவ்வகையில் அது மீட்பே. ஆயினும் எட்டுத் தூண் கொண்ட வளவில் இரண்டு போயின், எஞ்சியது வளவாகாது.

முழு வீட்டையும் பெயர்த்தல் இரண்டாம் வழி. சென்னையை அடுத்த முட்டுக்காட்டில் 1996-இல் திறக்கப்பட்ட தட்சிணசித்ராவில் செட்டிநாட்டு வீடொன்று மீண்டும் எழுப்பப்பட்டுள்ளது. அங்கே வடிவம் காக்கப்பட்டது; வளவில் தம் மக்கள் திருமணத்தை நடத்தும் பங்காளிகள் அங்கில்லை.

மூன்றாம் வழி இருந்த இடத்திலேயே காத்தல். சில மனைகள் தங்கும் விடுதிகளாகியுள்ளன. சிலவற்றைப் பங்காளிகளே செப்பனிட்டுத் திருமணத்திற்கும் படைப்பிற்கும் ஒன்றுகூடுகின்றனர். 2014-இல் யுனெஸ்கோவின் உத்தேசப் பட்டியலில் செட்டிநாட்டு ஊர்த்தொகுதிகள் இடம்பெற்றமை இவ்வழிக்கு ஊக்கமளிப்பதாகும். ஒரு வீடு செப்பனிடப்படும்போது கொத்தனுக்கும் தச்சனுக்கும் ஆத்தங்குடித் தொழிலாளிக்கும் வேலை கிடைக்கிறது. கைத்திறனும் அடுத்த தலைமுறைக்குச் செல்கிறது. கடைக்குச் சென்ற தூணால் இப்பயன் விளைவதில்லை.

இறுதியாக, கவிஞர் கருதத்தக்கது ஒன்றுண்டு. கழன்ற தூணுக்குக் கடையில் விலையுண்டு. 'வளவு', 'முகப்பு', 'இரண்டாங்கட்டு' என்னும் சொற்களை வாங்குவார் எவருமிலர். அவை புழங்குவோர் வாயிலேயே வாழ்வன. மனை பிரிக்கப்படும் நாளில் தேக்கு வண்டியேறுகிறது. அச்சொற்கள் அவ்விடத்திலேயே விடப்படுகின்றன. அவற்றைப் பொருளோடும் வழக்கோடும் தொகுத்து வைத்தல் தமிழ் பயில்வார் கடமையாகும்.