சுமைதாங்கிக் கல்லும் கூட்டிருப்போர் இல்லமும்

திருவனந்தபுரத்திலிருந்து கன்னியாகுமரிக்குப் போகும் நெடுஞ்சாலையில் பாலராமபுரம், நெய்யாற்றின்கரை, பாறசாலை, களியக்காவிளை என்று ஊர்கள் வரிசையாக வருகின்றன. 1956 நவம்பர் 1 அன்று மாநில எல்லை களியக்காவிளையருகே அமைந்தது. தோவாளை, அகஸ்தீஸ்வரம், கல்குளம், விளவங்கோடு தாலுகாக்கள் தமிழகத்தோடு சேர்ந்தன. நெய்யாற்றின்கரை தாலுகா கேரளத்திலேயே நின்றது. அந்தப் போராட்டத்தைப் பற்றி நம் மலர்களில் நிறைய எழுதியாயிற்று. நான் சொல்ல வந்தது வேறு. நோயுற்ற பிள்ளையைத் தோளில் சாய்த்துக்கொண்டு இதே சாலை வழியாகத் திருவனந்தபுரத்துப் பெரிய ஆஸ்பத்திரிகளுக்குப் போகும் தாய் தகப்பன்மார் இராத்திரி எங்கே தங்குகிறார்கள்?

இது தங்கலுக்குப் பழகிய சாலைதான். நவராத்திரிக்காகப் பத்மநாபபுரத்திலிருந்து கம்பர் பூசித்ததாகச் சொல்லப்படும் சரஸ்வதியும், வேளிமலை முருகனும், சுசீந்திரம் முன்னுதித்த நங்கையும் திருவனந்தபுரத்துக்கு எழுந்தருள்வதை நாம் ஆண்டுதோறும் பார்க்கிறோம். அவர்கள் ஒரே மூச்சில் போய்விடுவதில்லை. முதல் இரவு குழித்துறை, மறு இரவு நெய்யாற்றின்கரை, மூன்றாம் நாள்தான் தலைநகர். தெய்வத்துக்கே இரண்டு இரவு தங்கல் வேண்டியிருக்கிறது என்றால் மனுஷருக்குச் சொல்ல வேண்டுமா?

மனுஷருக்காக வழியம்பலங்கள் இருந்தன, கல்மண்டபங்கள் இருந்தன, தலைச்சுமையை இறக்கி வைக்கச் சுமைதாங்கிக் கற்கள் இருந்தன. பிள்ளையை வயிற்றில் சுமந்தபடியே இறந்துபோன பெண்ணின் நினைவாகச் சுமைதாங்கி நாட்டுவது தமிழ்நாட்டு வழக்கம். இறக்கி வைக்க முடியாமல் போன அவளுடைய சுமைக்காக, வழிப்போக்கர் எல்லாருடைய சுமையையும் ஒரு கல் தாங்குகிறது. ஒரு வீட்டின் துக்கம் ஊருக்குப் பொதுவான தர்மமாக மாறிய வகை இது.

பழையதை எல்லாம் பொற்காலம் என்று சொல்லிவிட முடியாது. திருவிதாங்கூர் அரசின் ஊட்டுப்புரைகளில் இலவசச் சோறு பிராமணருக்கே கிடைத்தது. கோயிலைச் சுற்றிய வழிகளில் நடக்கவே பலருக்கு உரிமை இல்லை. கோயில் நுழைவுப் பிரகடனம் வந்தது 1936-இல்தான். தர்மத்தைப் பற்றிப் பேசும்போது யாருக்குக் கதவு திறந்திருந்தது என்பதையும் சேர்த்துத்தான் கேட்க வேண்டும்.

இனி ஆஸ்பத்திரிகளுக்கு வருவோம். 1838-இல் நெய்யூரில் லண்டன் மிஷன் மருத்துவமனை தொடங்கிய காலம் முதல் நம் பக்கத்து ஜனங்கள் வைத்தியத்துக்குத் தெற்கே போனார்கள். 1951-இல் திருவனந்தபுரம் மெடிக்கல் காலேஜ் வந்தது. கூட்டம் வடக்கே திரும்பியது. அதை ஒட்டி 1952-இல் எழுந்தது எஸ்.ஏ.டி. ஆஸ்பத்திரி, அதாவது ஸ்ரீ அவிட்டம் திருநாள் மருத்துவமனை. அவிட்டம் திருநாள் ஓர் அரசகுமாரன். 1944-இல் ஆறு வயதில் இதயநோயால் இறந்துபோன குழந்தை. மகனை இழந்த அரண்மனையின் துக்கம் தாய்மார்க்கும் குழந்தைகளுக்குமான ஆஸ்பத்திரியாயிற்று. இதுவும் ஒரு சுமைதாங்கிதான். பிறகு 1976-இல் ஸ்ரீ சித்திரைத் திருநாள் மருத்துவ நிலையமும், 1981-இல் ஆர்.சி.சி. என்று நாம் சொல்லும் மண்டலப் புற்றுநோய் மையமும் அந்த வளாகத்திலேயே வந்தன. எல்லைக்கு இரு பக்கத்திலிருந்தும் நம் பிள்ளைகளை அங்கேதான் கொண்டுபோகிறோம்.

"பாறசாலையிலிருந்து 30 கிலோமீட்டர்தானே, வீட்டிலிருந்தே போய் வரலாமே" என்று சிலர் கேட்பார்கள். குழந்தைகளுக்கு அதிகமாக வருகிற இரத்தப் புற்றுநோய்க்கு இரண்டு முதல் மூன்று ஆண்டு சிகிச்சை உண்டு. முதல் சில மாதங்கள் கடுமையானவை. மருந்தின் வேகத்தில் வெள்ளணுக்கள் குறைந்துவிடும். அந்த நாட்களில் பஸ்ஸின் நெரிசல் ஆகாது. நடுராத்திரி காய்ச்சல் வந்தால் விடியட்டும் என்று காத்திருக்கவும் கூடாது. கூட இருப்பவரை மலையாளத்தில் கூட்டிருப்புகாரர் என்பார்கள். கூலி வேலை போய், கடன் வாங்கி, வராந்தாவில் பாய் விரித்துக் கிடக்கிற அந்தக் கூட்டிருப்புகாரருக்கு ஒரு கட்டத்தில் தாங்க முடியாமல் போகும். "போதும், ஊருக்குப் போவோம்" என்று பிள்ளையைத் தூக்கிக்கொண்டு திரும்பிவிடுவார். வசதியுள்ள நாடுகளில் புற்றுநோய் வந்த குழந்தைகளில் 80 சதவீதத்துக்கும் மேல் பிழைக்கிறார்கள். ஏழை நாடுகளில் அப்படி இல்லாததற்குச் சிகிச்சை பாதியில் நின்றுபோவதும் ஒரு முக்கியக் காரணம். ஆகவே தங்குமிடம் என்பது மருந்தோடு சேர்ந்தது.

இதை உணர்ந்து செய்தவர்கள் இருக்கிறார்கள். அமெரிக்காவில் பிலடெல்பியாவில் பிரெட் ஹில் என்ற கால்பந்து வீரரின் மகளுக்கு லுகேமியா வந்தது. ஆஸ்பத்திரி நாற்காலியில் உறங்கிய பெற்றோரை அவர் கண்ணால் கண்டார். டாக்டர் ஆட்ரி எவன்ஸின் முயற்சியும் சேர, 1974-இல் முதல் ரொனால்ட் மெக்டொனால்ட் இல்லம் திறந்தது. மும்பையில் 2006-இல் நிகால் கவிரத்னே, சியாமா கவிரத்னே தம்பதியர் செயின்ட் ஜூட் இல்லத்தைத் தொடங்கினார்கள். பிற நகரங்களிலும் பரவிய அந்த இல்லங்களில் குடும்பத்துக்கென்று தனி இடம் உண்டு. பொதுச் சமையலறையில் தாய் தன் கையாலேயே பிள்ளைக்குச் சமைத்துக் கொடுக்கலாம். வழியம்பலம் ஓர் இரவுக்கு, இது மாதக்கணக்குக்கு.

திருவனந்தபுரத்திலும் பொதிச்சோறு கொடுக்கும் நல்லவர்கள் உண்டு. ஒரு நேரச் சோறு கொடுக்க ஒரு நாள் மனசு போதும். மாதக்கணக்கில் கூரை கொடுக்க ஓர் அமைப்பு வேண்டும். நம் சங்கங்கள் அதைச் செய்யலாம். பெரிய கட்டடம்கூட வேண்டாம். மெடிக்கல் காலேஜ் பக்கத்தில் நான்கு அறை, கொதிக்க வைத்த தண்ணீர், கஞ்சி வைக்க அடுப்பு, ஆஸ்பத்திரிச் சீட்டைத் தமிழில் படித்துச் சொல்ல ஓர் ஆள் இருந்தால் போதும். சாதி, மதம், எந்த மாநில ரேஷன் கார்டு என்று கேட்காத வாசலாக அது இருக்க வேண்டும். வீட்டில் நினைவுநாள் கும்பிடுகிறவர்கள் அந்த நாளின் பெயரில் ஓர் அறையின் ஒரு மாதச் செலவை ஏற்கலாம். நம் முன்னோர் துக்கத்தில் கல் நாட்டினார்கள். நாம் ஓர் அறைக்கு வாடகை கொடுப்போம்.