ஐட்டில்

ஐட்டில் என்பது நிறுவனங்களின் கணினிச் சேவைகளைத் திட்டமிட்டு நடத்துவதற்கும் பழுதுகளைக் கையாள்வதற்குமான வழிமுறைத் தொகுப்பு. பிரிட்டிஷ் அரசின் மத்தியக் கணினி, தொலைத்தொடர்பு முகமை 1980களில் இதை உருவாக்கத் தொடங்கியது. 1989இலிருந்து முப்பதுக்கும் மேற்பட்ட நூல்களாக வெளிவந்ததால் 'தகவல் தொழில்நுட்பக் கட்டமைப்பு நூலகம்' என்று பெயர் வைத்தார்கள். ஐட்டில் அதன் ஆங்கிலச் சுருக்கம்.

இதன் கலைச்சொற்களில் முதலில் பிரித்தறிய வேண்டியவை இன்சிடென்ட், பிராப்ளம் என்ற இரண்டு. பேச்சு வழக்கில் இரண்டையுமே 'பிரச்சினை' என்றுதான் சொல்வோம். ஐட்டிலில் அப்படியில்லை. சேவை எதிர்பாராமல் தடைபட்டாலோ தரம் குறைந்தாலோ அது இன்சிடென்ட். அதை உண்டாக்கும் காரணம் பிராப்ளம். ஒரு வங்கிச் செயலி தினமும் காலை பத்து மணிக்கு நின்றுவிடுகிறது, சர்வரை மறுபடி இயக்கியதும் ஓடுகிறது என்று வைத்துக்கொள்வோம். இன்சிடென்ட் தீர்ந்தது, அதற்கான புகார்ப் பதிவான டிக்கெட்டை மூடலாம். ஏன் அதே நேரத்தில் நிற்கிறது என்று தேடுவது வேறு வேலை. அதற்கு அவகாசமும் வேறு. ஆராய்ந்தும் இன்னும் நீக்கப்படாத பிராப்ளத்தை 'நோன் எரர்' என்றும், சர்வரை மறுபடி இயக்குவது போன்ற தற்காலிக ஏற்பாட்டை 'ஒர்க்அரவுண்ட்' என்றும் குறிப்பார்கள். இந்தப் பாகுபாட்டை விட்டுவிட்டால் ஐட்டிலில் மிஞ்சுவது படிவங்கள்தாம்.

சேவை தருபவரும் பெறுபவரும் தரத்தைப் பற்றிச் செய்துகொள்ளும் உடன்பாடு எஸ்எல்ஏ. ஒரே நிறுவனத்தின் அணிகளுக்குள் செய்துகொள்வது ஓஎல்ஏ. எஸ்எல்ஏவில் சேவை 99.9 சதவீத நேரம் கிடைக்கும் என்று எழுதியிருந்தால், முப்பது நாள் மாதத்தில் சுமார் 43 நிமிடம் சேவை நிற்கலாம். அந்த 43 நிமிடமும் சம்பள நாளன்றே வந்தாலும் அறிக்கையில் எல்லாம் பச்சைதான். வாடிக்கையாளர் மட்டும் கொதித்துப்போயிருப்பார். வெளியே பச்சை, உள்ளே சிவப்பு என்பதால் இதற்குத் 'தர்பூசணி' என்று பெயர். பொருத்தமான பெயர்.

2007இல் வந்த மூன்றாம் பதிப்பு, சேவையின் வாழ்க்கைச் சுழற்சியை ஐந்து நூல்களாக வகுத்தது. ஆனால் சேவையில் செய்யும் ஒவ்வொரு மாற்றத்துக்கும் ஆலோசனைக் குழுவின் ஒப்புதலுக்காக ஐட்டில் காத்திருக்க வைக்கிறது என்ற குறை நெடுநாளாக இருந்தது. 2019இல் வந்த நான்காம் பதிப்பு, அஜைல், டெவ்ஆப்ஸ் என்ற விரைவான மென்பொருள் உருவாக்க முறைகளுக்கு இடம்கொடுத்து, 34 நடைமுறைகளைக் கொண்டதாக அமைந்தது. ஐட்டிலின் உரிமை 2013இல் ஆக்சலோஸ் என்ற கூட்டு நிறுவனத்துக்கும், 2021இல் அதை வாங்கிய பீப்பிள்செர்ட்டுக்கும் சென்றது.

இதே துறையில் பேசப்படும் கோபிட் என்ற வழிமுறைத் தொகுப்பு, ஐசாகா அமைப்பு 1996இல் வெளியிட்டது; அன்றாடச் சேவையைவிட ஆளுகைக்கும் தணிக்கைக்கும் அழுத்தம் தருவது. ஐஎஸ்ஓ/ஐஇசி 20000 என்பது கணினிச் சேவை மேலாண்மைக்காக 2005இல் வந்த பன்னாட்டுத் தரநிலை. ஐட்டில் சான்றிதழ் தேர்வெழுதும் தனிநபருக்கு உரியது. நிறுவனம் தணிக்கைக்கு உட்பட்டுப் பெறுவது 20000 சான்றிதழ். விளம்பரங்களில் இரண்டையும் கலந்து எழுதுவோர் உண்டு. ஒப்பந்தம் போடுமுன் எது என்று கேட்டுக்கொள்வது நல்லது.