தோற்ற பந்தயத்தை இரட்டித்தால் வெல்ல முடியுமா?



நான் ஆசிரியப் பணியிலிருந்த காலத்தில், ஒரு நாள் கணக்கு வகுப்பில் மாணவன் ஒருவன் எழுந்தான். “ஐயா, நாணயம் சுண்டும் பந்தயத்தில் தோற்குந்தோறும் பணத்தை இரட்டித்துக்கொண்டே போனால், ஒருமுறையாவது வென்றுதானே தீரவேண்டும்? அப்போது இழந்ததெல்லாம் மீண்டு, மேலும் ஒரு ரூபாய் மிஞ்சுமே!” என்றான். வகுப்பு முழுவதும் அவன் பக்கம் சாய்ந்தது. எனக்கோ உடனே மறுமொழி தோன்றவில்லை.

அவ்வினா பழமையானது. ‘மார்ட்டிங்கேல்’ என்னும் பெயரால் இம்முறை பதினெட்டாம் நூற்றாண்டிலேயே ஐரோப்பாவில் பரவியிருந்தது. வெனிசு நகரின் ‘ரிதோத்தோ’ என்னும் அரசாங்கச் சூதாட்ட மனையில், 1754-ஆம் ஆண்டில் காசனோவா என்பவர் இதனைக் கையாண்டார். முதலில் பெரும்பொருள் ஈட்டினார். இறுதியில் கைப்பொருள் அனைத்தையும் இழந்தார். இதனை அவரே தம் வரலாற்று நூலில் எழுதியிருக்கின்றார்.

கணித அறிஞரும் இதில் தடுமாறியதுண்டு. பிரெஞ்சு நாட்டின் தலாம்பேர் (1717–1783), ஒரே பக்கம் பன்முறை விழுந்தால் மறுபக்கம் விழும் வாய்ப்பு மிகும் என்று கருதினார். ஆனால் நாணயத்திற்கு நினைவாற்றல் ஏது? 1913 ஆகஸ்ட் 18-இல் மாண்டிகார்லோவில் ரூலெட் சக்கரம் தொடர்ந்து 26 முறை கறுப்பையே காட்டியது. ‘இனிச் சிவப்புத்தான்’ என்று பந்தயத்தை ஏற்றிக்கொண்டே போனவர்கள் பெருநட்டம் அடைந்தார்கள்.

சரி, கணக்கைப் பார்ப்போம். பந்தயம் 1, 2, 4, 8 என ஏறினால் பத்தாவது பந்தயம் 512 ரூபாய். பத்தும் தோற்றால் இழப்பு 1,023 ரூபாய். இவ்வாறு நேர்வதற்கு 1,024-இல் ஒரு வாய்ப்பே உண்டு. ஆகவே 1,024 சுற்றுகள் ஆடினால், சராசரியாக 1,023 சுற்றுகளில் ஒவ்வொரு ரூபாய் வரவு. எஞ்சிய ஒரு சுற்றில் 1,023 ரூபாய் செலவு. வரவும் செலவும் சரியாகிவிட்டன! இரட்டிப்பு முறை இழப்பை ஒழிக்கவில்லை. சிறு இலாபங்களுக்குப் பின்னே அதனை ஒளித்து வைக்கிறது, அவ்வளவே.

இது நேர்மையான நாணயத்தின் கதை. ‘பிளாக்ஜாக்’ என்னும் இருபத்தொன்று சீட்டாட்டத்திலோ, ஆடுபவன் முதலில் சீட்டு வாங்கவேண்டும். அவன் கை 21-ஐத் தாண்டினால் பந்தயம் அப்பொழுதே பறிபோகும். பின்னர் மனையின் கையும் தாண்டினாலும் அது திரும்பாது. மனையின் ஆதாயத்திற்கு இதுவே மூலம். மேலும், பந்தயத்துக்கு உச்ச வரம்பு வைத்திருப்பதால் இரட்டித்துக்கொண்டே போகவும் இயலாது.

“அவ்வாட்டத்தை ஒருவர் வென்றாரே!” என்று நீங்கள் கேட்கலாம். உண்மைதான். 1956-இல் அமெரிக்கப் படையினர் நால்வர், மேசைக் கணிப்பான்களைக் கொண்டு சிறந்த ஆட்டமுறையைக் கணித்து வெளியிட்டனர். அதனைத் தொடர்ந்து, கணிதப் பேராசிரியர் எட்வர்டு தார்ப் 1962-இல் தம் நூலை வெளியிட்டார். அவரும் பந்தயத்தை ஏற்றி இறக்கியவரே. ஆனால் தோல்வியைக் கண்டு அவர் ஏற்றவில்லை. ஆடி முடிந்த சீட்டுகள் மீண்டும் கலைக்கப்படும் வரை திரும்பி வாரா. எனவே எஞ்சிய சீட்டுகளில் பத்துகளும் ஏஸ்களும் மிகுந்திருக்கையில் வாய்ப்பு ஆடுபவன் பக்கம் திரும்புகிறது. அந்த வேளையில் மட்டும் அவர் ஏற்றினார். 1964-இல் லாஸ் வேகாஸ் மனைகள் அஞ்சி விதிகளை மாற்றியதும், ஆடுவோர் குறையவே சில வாரங்களில் பழைய விதிகளுக்கே திரும்பியதும் வரலாறு.

ஒருவர் ஏற்றியது அறிவினால். மற்றவர் ஏற்றுவது இழந்த ஆத்திரத்தினால். இரண்டும் வெளித்தோற்றத்தில் ஒன்றுபோலவே இருக்கும். இழந்ததை மீட்கும் வெறியில் குடும்பத்தை அழித்தவர்களை ஊர்தோறும் கண்டிருக்கிறோம் அல்லவா?

மறுநாள் இக்கணக்கைக் கரும்பலகையில் எழுதிக் காட்டினேன். அந்த மாணவன் சற்று நேரம் சிந்தித்து, “எல்லையில்லாத பணம் இருந்தால், ஐயா?” என்றான்.

“தம்பி, எல்லையில்லாத பணம் உடையவனுக்கு அந்த ஒரு ரூபாய் எதற்கு?” என்றேன். அவனும் சிரித்தான், வகுப்பும் சிரித்தது.