கிள்ளானிலிருந்து கிளீவ்லண்டுக்கு ஒரு கையுறை

மருத்துவக் கையுறை பிறப்பது ஒரு பீங்கான் கையின் மேல். மலேசியாவின் கிள்ளான் வட்டாரத் தொழிற்சாலைகளில் ஆயிரக்கணக்கான பீங்கான் கைகள் சங்கிலியில் தொங்கியபடி இரவு பகலாக நகர்கின்றன. உறைய வைக்கும் கரைசலில் ஒரு முக்கு, நைட்ரைல் பாலில் ஒரு முக்கு, பிறகு சூட்டடுப்பு. இறுகிய உறையைக் கழற்றி, ஓட்டை பார்த்து, எண்ணி, பெட்டியில் அடுக்க வேண்டும். இயந்திரங்கள் எவ்வளவோ வந்துவிட்டன. ஆனாலும் அந்த வெக்கையில் நின்று வேலை செய்ய ஆள் வேண்டும். அவர்கள் பெரும்பாலும் நேபாளத்திலிருந்தும் வங்கதேசத்திலிருந்தும் வந்தவர்கள்.

ஆனால் கையுறையின் கதை தொழிற்சாலைக்கு முன்பே, வங்கதேசத்து ஊரொன்றில் எழுதிக் கொடுக்கப்பட்ட கடன் பத்திரத்தில் தொடங்கிவிடுகிறது. ஊர்த் தரகர், தலைநகர ஏஜென்ட், மலேசிய ஏஜென்ட் என்று ஒவ்வொரு கைக்கும் பணம் போகிறது. 20,000 ரிங்கிட் வரை கொடுத்து வந்தவர்கள் உண்டு. 2020-ல் மலேசிய நகரங்களில் குறைந்தபட்ச மாதச் சம்பளம் 1,200 ரிங்கிட். அதாவது, ஒரு காசு கூடச் செலவழிக்காமல் பதினாறு மாதத்துக்கு மேல் உழைத்தால்தான் அசல் மட்டும் அடையும். நிலத்தை அடகு வைத்தவர் சூப்பர்வைசர் திட்டினாலும் வேலையை விட்டுப் போக முடியாது. மிகை நேர வேலையை மறுக்கவும் முடியாது. கடனடிமைத்தனம், பாஸ்போர்ட்டைப் பிடித்து வைத்தல், அளவு மீறிய மிகை நேரம் ஆகியவை சர்வதேசத் தொழிலாளர் அமைப்பு வகுத்திருக்கும் கட்டாய உழைப்பின் பதினொரு அடையாளங்களில் உள்ளவை.

இந்தக் கடனை நாம் முன்பே அறிவோம். மலாயாவின் ரப்பர்த் தோட்டங்களுக்குக் கங்காணிகள் நம் ஊர்களில் ஆள் பிடித்தபோது, முன்பணமும் கப்பல் செலவும் கூலியின் தலையில்தான் விழுந்தன. பால் மரம் வெட்டி அதை அடைத்தார்கள். 1907-ல் அங்கே தமிழர் குடியேற்ற நிதி உருவானது. தமிழ்த் தொழிலாளரை வைத்திருக்கும் தோட்ட முதலாளிகள் எல்லோரும் அதற்குப் பணம் கட்ட வேண்டும், கப்பல் செலவு அதிலிருந்து போகும், வருகிறவர் பயணக் கடனின்றி இறங்க வேண்டும் என்பது ஏற்பாடு. கருணை அல்ல, ஆள் தேவைதான் காரணம். தோட்டத்தில் அதற்குப் பின்னும் கொடுமைகள் குறையவில்லை. ஆனாலும் ஆளெடுக்கும் செலவு முதலாளியுடையது என்ற கணக்கு அன்றே ஒப்புக்கொள்ளப்பட்டது. நூறாண்டுக்குப் பின் அதே மண்ணில் அந்தக் கணக்கு தலைகீழாகியிருந்தது.

பெட்டி கப்பலேறியது. கொரோனா காலத்தில் உலகின் ரப்பர் கையுறைகளில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கு மலேசியாவிலிருந்து போனது. அப்போது உலகிலேயே பெரிய தயாரிப்பாளர் டாப் குளோவ் நிறுவனம். கட்டாய உழைப்பில் உருவான சரக்கைத் தடுக்கும் 1930-ஆம் ஆண்டுச் சட்டத்தின் கீழ், 2020 ஜூலையில் அதன் இரண்டு துணை நிறுவனங்களின் கையுறைகளை அமெரிக்கச் சுங்கத்துறை நிறுத்தியது. அந்த நவம்பரில் நெரிசலான விடுதிகளில் ஆயிரக்கணக்கான தொழிலாளர்களுக்குத் தொற்று பரவ, கிள்ளானில் 28 தொழிற்சாலைகளைக் கட்டம் கட்டமாக மூட நேர்ந்தது. உலகத்தைத் தொற்றிலிருந்து காக்கும் பொருளைச் செய்தவர்களுக்குப் படுக்க இடைவெளி இல்லை. 2021 மார்ச்சில் கட்டாய உழைப்பு நடந்ததாகச் சுங்கத்துறை முடிவுக்கு வந்தது. மே மாதம், ஒஹாயோ மாநிலத்தின் கிளீவ்லண்டில் 39.7 லட்சம் கையுறைகள் பறிமுதலாயின.

அதன் பிறகு நடந்ததைத்தான் சரக்கு வாங்கும் ஒவ்வொரு நிறுவனமும் படிக்க வேண்டும். தொழிலாளர்கள் ஏஜென்டுகளுக்குக் கொடுத்த பணத்தை டாப் குளோவ் கணக்கிட்டுத் திருப்பித் தந்தது. 3 கோடி டாலருக்கு மேல் நிவாரணம் கிடைத்ததாகச் சொல்லி 2021 செப்டம்பரில் சுங்கத்துறை தடையை நீக்கியது. பணம் எங்கேயோ, எந்தத் தரகரிடமோ போய்விட்டது, நாங்கள் என்ன செய்வது என்ற பழைய பதில் அத்துடன் செல்லாததாகிவிட்டது.

கடையிலோ மருத்துவமனையிலோ கையுறை விற்கும் நிறுவனத்துக்கு இந்தக் கடன் தெரியாமல் இருந்தது ஏன்? தணிக்கையாளர் தொழிற்சாலைக்குள் தீயணைப்புக் கருவியையும் சம்பளச் சீட்டையும் பார்க்கிறார். கடனோ வேறொரு நாட்டில், ரசீது இல்லாமல் நடந்தது. மேலாளர் பக்கத்தில் நிற்கும்போது எவரும் அதைச் சொல்லமாட்டார். தொழிலாளியின் தாய்மொழி தெரிந்தவர், தொழிற்சாலைக்கு வெளியே, நம்பிக்கை வந்த பிறகு கேட்டால்தான் அந்தத் தொகை வெளிவரும். வெளிவந்ததும் ஆர்டரை ரத்து செய்துவிட்டு ஒதுங்குவதை நான் நேர்மை என்று சொல்லமாட்டேன். அப்படிச் செய்தால் தொழிலாளிக்கு வேலை போகும், கடன் மட்டும் நிற்கும். வாங்குபவர் தொடர்ந்து வாங்கிக்கொண்டே, திருப்பிக் கொடுக்கக் கெடு வைத்து, தன் பங்குக்கும் பணம் போட வேண்டும். மலிவு விலையால் ஆதாயம் அடைந்தவர்களில் அவரும் ஒருவர்தானே.

பிரிட்டன் 2022-ல் கொண்டுவந்த சுகாதாரச் சட்டம், அரசு மருத்துவச் சேவையின் கொள்முதலில் நவீன அடிமைத்தனத்தை ஒழிக்க விதிகள் வகுக்கச் சொல்கிறது. இந்தியாவிலும் மலேசியக் கையுறைகள் வாங்கப்படுகின்றன. மருத்துவமனை டெண்டரில் நீளம், தடிமன், ஓட்டைச் சோதனை எல்லாம் கேட்கிறார்கள். இதைச் செய்த தொழிலாளியை வேலைக்கு எடுக்க ஆன செலவைக் கட்டியது யார், ஆதாரம் எங்கே என்றும் அதே படிவத்தில் கேட்கலாம்.