மாவட்ட முன்சீப்

தமிழ்நாட்டில் ஒரு சாதாரணக் குடும்பம் கோர்ட்டுப் படி ஏற நேர்ந்தால் பெரும்பாலும் முதலில் போய் நிற்பது மாவட்ட முன்சீப்பின் முன்னால்தான். வரப்புத் தகராறு, பாகப்பிரிவினை, பொதுச்சுவர், வண்டிப்பாதை, கைமாற்றுக் கடன், வாடகை பாக்கி என்று உரிமையியல் தாவாக்களில் குறிப்பிட்ட தொகைக்கு உட்பட்டவை அவரிடம் தொடங்குகின்றன. கடலூர் மாவட்டத்தில் மணிமுத்தாற்றங்கரையில் உள்ள விருத்தாசலத்தில், பீங்கான் பொம்மையும் ஃபியூஸ் கேரியரும் செய்யும் பட்டறைக்காரருக்கும் சுற்றுக் கிராமத்து முந்திரி விவசாயிக்கும் பொதுவான இடம் அந்தக் கோர்ட்டு. பதவி தோன்றி இருநூறு ஆண்டுகள் கடந்துவிட்டன. இத்தனை காலத்தில் ஒருமுறைகூட அது வாக்குப்பெட்டி வழியாக நிரப்பப்பட்டதில்லை. கோர்ட்டு வளாகத்தில் நடக்கும் தேர்தல் என்றால் அது வழக்கறிஞர் சங்கத் தேர்தல்தான். அப்படியானால் மக்கள் தேர்ந்தெடுக்காத ஒருவர் மக்களின் வீட்டையும் நிலத்தையும் பற்றி முடிவு சொல்லும் தகுதியை எங்கிருந்து பெறுகிறார்? பரீட்சையும் மேல் கோர்ட்டின் கண்காணிப்பும் அந்தத் தகுதியில் பாதியைத்தான் தருகின்றன. மறுபாதி, வழக்கில் தோற்றவனுக்கும் விளங்கும்படி காரணத்தை எழுதிக் கொடுப்பதால் வருகிறது. இப்பதவியின் வரலாற்றை முழுவதும் பார்த்தால் இந்த முடிவுக்குத்தான் வர வேண்டியிருக்கிறது.

மதராஸ் மாகாணத்தின் நீதி நிர்வாகத்தைச் சீர்திருத்த 1814-இல் நியமிக்கப்பட்ட ஆணையத்துக்குத் தாமஸ் மன்றோ தலைமை வகித்தார். ஜில்லா கோர்ட்டுகளில் இருந்த ஐரோப்பிய நீதிபதிகளுக்கு ஊர்மொழி தெரியாது, நில வழக்கம் தெரியாது, வழக்குகளோ மலைபோல் குவிந்து கிடந்தன. சிறு வழக்குகளை இந்நாட்டவரே விசாரிக்க வேண்டும் என்பது மன்றோவின் உறுதியான கருத்து. 1816-இல் அடுத்தடுத்து வந்த ஒழுங்குமுறைச் சட்டங்களில் நான்காவது கிராம முன்சீப்பையும், ஆறாவது மாவட்ட முன்சீப்பையும் ஏற்படுத்தின. இவ்விரண்டையும் ஒன்றாக எண்ணிக் குழம்புவோர் உண்டு. கிராம முன்சீப் ஊரின் தலைமை அலுவலர். 10 ரூபாய் வரையிலான சில்லறை வழக்குகளைத் தீர்க்கும் அதிகாரமும் அவருக்குத் தரப்பட்டது. பெரும்பாலும் தந்தைக்குப் பின் மகன் என்று குடும்பச் சொத்தாகவே நீடித்த அந்தப் பதவியைத் தமிழ்நாடு அரசு 1980 நவம்பரில் ஒழித்தது. மாவட்ட முன்சீப் அவ்வாறு பிறப்பால் வந்தவர் அல்ல. சம்பளம் வாங்கும், மேல்முறையீட்டுக்கு உட்பட்ட, இன்னோர் ஊருக்கு மாற்றப்படக்கூடிய நீதிபதி அவர். ஊரின் செல்வாக்கிலிருந்து நீதியைப் பிரித்தெடுக்கும் முயற்சி அவரிடமிருந்துதான் தொடங்குகிறது.

இப்பதவியில் இருந்தவர்களில் தமிழ் வாசகர்கள் மறக்கக்கூடாதவர் ச. வேதநாயகம் பிள்ளை. 1826 அக்டோபர் 11-ஆம் நாள் திருச்சிராப்பள்ளியை அடுத்த குளத்தூரில் பிறந்தவர். திருச்சி கோர்ட்டில் ஆவணக் காப்பாளராகவும் மொழிபெயர்ப்பாளராகவும் வேலை பார்த்து, முன்சீப் தேர்வில் தேறி, 1857-இல் தரங்கம்பாடியில் அமர்ந்தார். பின்னர் சீர்காழியிலும், மிக நீண்ட காலம் மாயூரத்திலும் பணியாற்றினார். அவரை ‘முதல் தமிழ் முன்சீப்’ என்று எழுதுவது வழக்கமாகிவிட்டது. அது சரியல்ல. 1816 முதலே இப்பதவி இந்நாட்டவருக்கென்று வகுக்கப்பட்டது. பின்னாளில் சென்னை உயர் நீதிமன்றத்தின் முதல் இந்திய நீதிபதியான தி. முத்துசாமி ஐயரும் 1856-இல் தரங்கம்பாடி முன்சீப்பாக இருந்தவர்தான். வேதநாயகத்தின் பெருமைக்கு ‘முதல்’ என்ற பட்டம் தேவையும் இல்லை. அவர் செய்த வேலை அதைவிடப் பெரியது. 1805 முதல் 1861 வரை, உயர் நீதிமன்றத்துக்கு முன்பிருந்த மேல் கோர்ட்டான சதர் கோர்ட்டு வழங்கிய தீர்ப்புகளைத் தொகுத்துத் தமிழாக்கிச் ‘சித்தாந்த சங்கிரகம்’ என்ற நூலாக வெளியிட்டார். அதுவரை இங்கிலீஷ் தெரிந்த சிலரின் அலமாரியில் கிடந்த முன்தீர்ப்புகள் அதன்பின் தமிழ் மட்டும் படித்த வக்கீலின் கைக்கும் வழக்காடியின் கைக்கும் வந்தன. நீதிபதி எதை வைத்துத் தீர்ப்பளிக்கிறார் என்பது வெளியே தெரிந்துவிட்டால் அவர் மனம்போனபடி தீர்ப்பளிக்க முடியாது. தம் அதிகாரத்தின் மீது தாமே ஒரு கட்டுப்பாட்டைப் போட்டுக்கொண்ட செயல் இது. ஒரு முன்சீப் அதைச் சொந்த விருப்பத்தால் செய்தார் என்பது அவருடைய மதிப்பீடுகளைப் பற்றிப் பல புகழுரைகளைவிட அதிகம் சொல்கிறது.

அவருடைய மற்ற எழுத்துகளும் கோர்ட்டு வேலையிலிருந்து விலகி நிற்பவை அல்ல. 1859-இல் வந்த ‘நீதிநூல்’ பொய், களவு ஆகியவற்றோடு கைக்கூலியையும் தனியாக எடுத்துக் கண்டிக்கிறது. லஞ்சம் எப்படி உள்ளே நுழைகிறது என்பதை நாள்தோறும் பார்த்த ஒருவர் எழுதியது அது என்று நினைவில் வைத்துப் படித்தால் அதன் வேகம் புரியும். 1879-இல் அச்சான ‘பிரதாப முதலியார் சரித்திரம்’ தமிழின் முதல் நாவல் என்று பள்ளிப் பிள்ளைகளுக்கும் தெரியும். அது ஓர் ஓய்வுபெற்ற நீதிபதியின் நாவல் என்பது போதிய அளவு பேசப்படவில்லை. கதையில் ஆண்வேடம் பூண்ட நாயகி ஞானாம்பாளுக்கு யானை மாலை சூட்ட, அவள் விக்கிரமபுரியின் அரசாட்சியை ஏற்கிறாள். ஆட்சி அவளுக்கு வந்தது தற்செயலாக. அது நிலைத்தது அவள் நீதி வழங்கிய முறையால். அந்நாவலில் ஓரிடத்தில் தமிழ் நீதிபதிக்கு முன்னால் தமிழ் வக்கீல்கள், தமிழ் மட்டும் அறிந்த கட்சிக்காரரை அருகில் வைத்துக்கொண்டு, இங்கிலீஷில் வாதாடுவதை வேதநாயகம் கடுமையாகச் சாடுகிறார். மொழிப்பற்று என்ற அளவில் மட்டும் இதைப் படிப்பது குறைவான வாசிப்பு. சொத்தை இழக்கப்போகிறவனுக்குத் தன் வழக்கில் என்ன பேசப்படுகிறது என்றே தெரியாமல் போவது நீதிக்கே நேர்ந்த குறை என்பதுதான் அவர் வாதம்.

1870களின் தொடக்கத்தில் பதவியிலிருந்து விலகிய பிறகே அவர் மாயூரம் நகரசபைத் தலைவரானார். இன்றுள்ளதுபோல் எல்லோரும் வாக்களிக்கும் தேர்தல் அன்று கிடையாது. ஆனாலும் நீதி வழங்கும் இருக்கையும் ஊராளும் இருக்கையும் அவர் வாழ்வில் ஒன்றன்பின் ஒன்றாக வந்தன, ஒருங்கே வரவில்லை. 1876 முதல் 1878 வரை தென்னாட்டை வாட்டிய பெரும் பஞ்சத்தில் தம் பொருளைக் கொண்டு கஞ்சி ஊற்றினார். கோபாலகிருஷ்ண பாரதியார் அவரைப் பாடினார். மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளை அவர்மீது ‘குளத்துக்கோவை’ இயற்றினார். கிறித்தவராகிய அவர் ‘சர்வ சமய சமரசக் கீர்த்தனை’ எழுதியதையும் சேர்த்துப் பார்த்தால், பல சமயத்தாரும் வந்து நிற்கும் மேடையில் அமர்ந்தவரின் மனப்பழக்கம் பாட்டிலும் தொடர்ந்தது எனலாம். 1889 ஜூலை 21-ஆம் நாள் அவர் மறைந்தார்.

இதற்கிடையே பதவியின் சட்ட வடிவம் உறுதிப்பட்டது. 1862-இல் சென்னை உயர் நீதிமன்றம் வந்தது. 1873-ஆம் ஆண்டின் மதராஸ் சிவில் கோர்ட்டுகள் சட்டம் மாவட்ட முன்சீப்பின் வரம்பை 2,500 ரூபாய் என்று வகுத்தது. பணமதிப்பு குறையக் குறைய அந்த வரம்பு பலமுறை உயர்த்தப்பட்டிருக்கிறது. அரசியலமைப்பின் 234-ஆம் உறுப்பின்படி இந்நிலை நீதிபதிகளை அரசுப் பணியாளர் தேர்வாணையத்தையும் உயர் நீதிமன்றத்தையும் கலந்து ஆளுநர் நியமிக்கிறார். 235-ஆம் உறுப்பு அவர்கள் மீதான கட்டுப்பாட்டை உயர் நீதிமன்றத்திடம் ஒப்படைக்கிறது. இன்று மாவட்ட முன்சீப்பும் நீதித்துறை நடுவரும் ‘சிவில் நீதிபதி’ என்ற ஒரே பணிநிலையில் அடங்குவர்.

இங்கே ஒரு நியாயமான ஆட்சேபம் எழும். ஊராட்சித் தலைவரையும் சட்டமன்ற உறுப்பினரையும் மக்களே தேர்ந்தெடுக்கும்போது, அவர்கள் வாழ்வில் இன்னும் நெருக்கமாகத் தலையிடும் நீதிபதியை மட்டும் ஏன் தேர்ந்தெடுக்கக் கூடாது? அமெரிக்காவில் 1832-இல் மிசிசிப்பி மாநிலம் எல்லா நீதிபதிகளையும் தேர்தலுக்கு உட்படுத்தியது. இன்று அந்நாட்டின் பெரும்பாலான மாநிலங்களில் நீதிபதிகள் ஏதோ ஒரு வகையில் வாக்காளரைச் சந்திக்கிறார்கள். செல்வந்தரின் நியமனப் பிடியிலிருந்து கோர்ட்டை மீட்பதே அந்த ஏற்பாட்டின் நோக்கம், அது எளிதில் தள்ளத்தக்கது அல்ல. ஆனால் விளைவைப் பார்க்க வேண்டும். மேற்கு வர்ஜினியாவில் ஒரு நிலக்கரி நிறுவனத்தின் தலைவர், தம் நிறுவனத்தின் மேல்முறையீடு வரவிருந்த கோர்ட்டுக்கு ஒருவர் நீதிபதியாகத் தேர்வாக ஏறத்தாழ 30 லட்சம் டாலர் செலவிட்டார். வென்றவர் அவ்வழக்கை விசாரித்திருக்கக் கூடாது என்று 2009-இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் சொல்ல வேண்டியதாயிற்று. அதையும் ஐந்துக்கு நான்கு என்ற பெரும்பான்மையில்தான் சொல்ல முடிந்தது. நம் மரபிலேயே உத்திரமேரூர்க் குடவோலை இருக்கிறதே என்பார் உண்டு. முதலாம் பராந்தகன் காலத்து 919, 921-ஆம் ஆண்டுக் கல்வெட்டுகள் சொல்வது பானையிலிட்ட ஓலையைக் குலுக்கி எடுக்கும் முறையை. நிலமும் சொந்த மனையும் வேதக் கல்வியும் உள்ள, 35 வயதுக்கு மேல் 70-க்கு உட்பட்ட ஆண்களின் பெயர்களே அந்தப் பானைக்குள் போயின. கணக்கு காட்டாதவரை விலக்கிவைத்த அதன் கண்டிப்பு போற்றத்தக்கது. தேர்ந்தெடுக்கப்பட்ட நீதிபதிக்கு அது சான்றாகாது.

இந்தக் கேள்விக்கு விருத்தாசலம் வட்டாரமே வேதனையான விடை ஒன்றை வைத்திருக்கிறது. 2003 ஜூலை 8-ஆம் நாள், விருத்தாசலத்தை அடுத்த புதுக்கூரைப்பேட்டையில், சாதி கடந்து மணம்புரிந்த இளைஞரும் இளம்பெண்ணும் ஊரார் கண்ணெதிரே நஞ்சு ஊற்றிக் கொல்லப்பட்டு எரிக்கப்பட்டார்கள். உள்ளூர்க் காவல்துறை உண்மையை மறைக்க முயன்றது. உயர் நீதிமன்ற உத்தரவால் வழக்கு மத்தியப் புலனாய்வுத் துறைக்குப் போனது. 2021 செப்டம்பரில் கடலூர் சிறப்பு நீதிமன்றம் காவல் அதிகாரிகள் இருவர் உட்பட 13 பேரைக் குற்றவாளிகள் என்றது. பெண்ணின் அண்ணனுக்கு விதித்த தூக்கு 2022-இல் ஆயுளாகக் குறைக்கப்பட்டு, இருவர் விடுவிக்கப்பட்டாலும், மற்றவர்கள்மீதான தீர்ப்பு நிலைத்தது. 2025 ஏப்ரலில் உச்ச நீதிமன்றமும் அதை உறுதிசெய்தது. கொன்றவர்கள் எண்ணிக்கையில் பெரிய சாதியினர், கொல்லப்பட்ட இளைஞர் பட்டியல் சாதியினர். ஐந்தாண்டுக்கு ஒருமுறை அதே வட்டாரத்தில் வாக்குக் கேட்டு நிற்க வேண்டிய ஒரு நீதிபதியால் அந்தத் தீர்ப்பை எழுதியிருக்க முடியுமா? ஓரிருவருக்கு அந்தத் துணிவு வாய்க்கலாம். ஓரிருவரின் துணிவை நம்பி ஓர் அமைப்பைக் கட்ட முடியாது. பதினெட்டு ஆண்டுக் காலதாமதம் இந்த அமைப்பின் வெட்கம் என்பதையும் மறுப்பதற்கில்லை. அந்தத் தாமதத்தைத் தேர்தல் குறைத்திருக்கும் என்று நம்பக் காரணமும் இல்லை.

உச்ச நீதிமன்றம் 1997 மே 7-ஆம் நாள் ஏற்ற ‘நீதித்துறை வாழ்வின் மதிப்பீடுகள்’ என்ற தீர்மானம், நீதிபதி ஒரு சங்கத்தின் பதவிக்குக்கூடத் தேர்தலில் நிற்கலாகாது என்கிறது. உயர்நிலை நீதிபதிகளுக்காக எழுதப்பட்டது என்றாலும், அதன் தேவை சிற்றூர் முன்சீப்புக்கே அதிகம். உயர் நீதிமன்ற நீதிபதியைக் கட்சிக்காரர் கடைத்தெருவில் சந்திப்பதில்லை, முன்சீப்பைச் சந்திக்கிறார். இதற்கு எதிராக இன்னொன்று சொல்லப்படுகிறது: இப்படி ஒதுங்கி வாழ்பவர் பரீட்சை எழுதி வந்த அந்நியர், மூன்றாண்டில் மாறிப் போய்விடுவார், ஊரின் வலி அவருக்கு எப்படித் தெரியும்? இதில் உண்மை இருக்கிறது. அனுபவமின்மை என்ற குறையை உணர்ந்துதான் உச்ச நீதிமன்றம் 2025 மே மாதம், மூன்றாண்டு வழக்கறிஞர் தொழில் செய்தவரே இத்தேர்வை எழுதலாம் என்ற பழைய விதியைத் திரும்பக் கொண்டுவந்தது. அதனால் வசதியற்ற வீட்டுப் பிள்ளைகளுக்கு, அதிலும் பெண்களுக்கு, வாசல் குறுகிவிடக்கூடும் என்ற அச்சமும் பொருட்படுத்தத்தக்கது. 2024-இல் ஜவ்வாது மலைப் பகுதியைச் சேர்ந்த பழங்குடிப் பெண் ஒருவர் தம் 23-ஆம் வயதில் சிவில் நீதிபதித் தேர்வில் தேறியதைத் தமிழ்நாடே கொண்டாடியது. அவரைப் போன்றவர் உள்ளே வந்தது பரீட்சையால்தான். வாக்குப்பெட்டியைக் கடந்து அங்கே வருவது அவருக்கு எவ்வளவு கடினமாக இருந்திருக்கும் என்பதைத் தமிழ்நாட்டு அரசியலை அறிந்தவர்களுக்கு விளக்க வேண்டியதில்லை.

ஊரோடு நீதிபதியை இணைக்கும் வழி அவர் எழுதும் மொழியில் இருக்கிறது. விருத்தாசலத்தை ஒட்டிய மணவாளநல்லூர் கொளஞ்சியப்பர் கோயிலில் பக்தர்கள் ‘பிராது கட்டுகிறார்கள்’: குறையைத் தாளில் எழுதி, ஊரின் தூரத்துக்கு ஏற்பப் படிக்கட்டணம் செலுத்தி, முருகனிடம் சேர்க்கிறார்கள், குறை தீர்ந்ததும் பிராதை முறைப்படி வாபஸ் வாங்குகிறார்கள். மக்கள் கோர்ட்டின் நடைமுறையைத் தெய்வத்திடமே கொண்டுபோயிருக்கிறார்கள் என்றால், நீதி என்பதிலிருந்து அவர்கள் எதிர்பார்ப்பது என்ன என்பது தெளிவு. தம் சொல்லால் எழுதியது வாங்கப்பட வேண்டும், படிக்கப்பட வேண்டும், அதற்குப் பதில் வர வேண்டும். அந்தப் பிராதைத் தமிழில் எழுதியவர் முன்சீப் கோர்ட்டில் வாங்கும் தீர்ப்பு நகல் பெரும்பாலும் இங்கிலீஷில் இருக்கிறது. கீழ்க்கோர்ட்டுகளில் சாட்சியத்தைத் தமிழில் பதியவும் தீர்ப்பைத் தமிழில் எழுதவும் ஆட்சிமொழிச் சட்டத்தில் 1976-ஆம் ஆண்டுத் திருத்தம் வழி செய்தது. பின்னர் இங்கிலீஷில் எழுதும் விலக்கும் வந்தது, விலக்கே பல இடங்களில் வழக்கமாகியது. சட்டச் சொற்கள் தமிழில் போதா, மேல்முறையீட்டில் சிக்கல் வரும் என்பது இதற்குச் சொல்லப்படும் காரணம். ‘சித்தாந்த சங்கிரகம்’ அரை நூற்றாண்டுத் தீர்ப்புகளைத் தமிழில் கொடுத்தபோது இன்றுள்ளவை போன்ற சட்டக் கலைச்சொல் அகராதிகளோ, கணினியோ, மொழிபெயர்ப்புப் பிரிவுகளோ இருக்கவில்லை. இன்று சிவில் நீதிபதித் தேர்வில் மொழிபெயர்ப்புக்கென்றே ஒரு தாள் இருக்கிறது. அதில் தேறாமல் எவரும் அந்த மேடையில் அமர்வதில்லை.